மூக்குத்திப் பக்கம்

காலை ஐந்தரைக்கு முதல் தும்மல்.
அடுப்பு பற்றுவதற்குள் பதினேழு.
பதினெட்டாவதைப் பஞ்சவர்ணம் எண்ணுவதில்லை.
"போதும்க்கா, கணக்கு முடிஞ்சது" என்பாள்,
தேன்குழல் அச்சை என் பக்கமிருந்து
தன் பக்கம் நகர்த்திக்கொண்டே.

மாவா, சீமைக்கருவேலம் பூவா,
குடோனில் சாக்குக்கடியில் கிடக்கும் ஏதோவொன்றா,
யாருக்கும் தெரியாது.
தும்மல் மட்டும்
கோட்டையூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரியும்.

உமையாள் ஆச்சி பலகாரக் கடையில்
எனக்குச் சம்பளம் கைக்கு இல்லை, மூக்குக்கு.
மற்றவர்கள் பாகைத் தண்ணீரில் சொட்டவிட்டுப் பதம் பார்ப்பார்கள்.
நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்,
எண்ணெய் இரண்டாம் காய்ச்சலா மூன்றாம் காய்ச்சலா என்பதையும்.
சொல்லிவிடுவேன் என்றா சொன்னேன்?
சொல்லிக்கொண்டிருந்தேன்.
தை முடிந்ததிலிருந்து
ஏலக்காயும் எரிந்த ரப்பரும் எனக்கு ஒன்று.

மருந்துக்கடை அடைக்கலம்
இரண்டையும் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான்.
"மாத்திரைன்னா ஒரு மணி நேரம்.
ஸ்ப்ரேன்னா ஒரு வாரமாச்சும் பொறுக்கணும்."
ஒன்று டீயும் வடையும் விலை.
இன்னொன்று அரைநாள் கூலி.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மாத்திரை சொன்னதைச் செய்தது.
தும்மல் நின்றது. கண் அரிப்பு நின்றது.
கொஞ்ச நேரத்தில் நானும் நின்றுவிட்டேன்,
ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி,
கொதிக்கிற எண்ணெய்க்கு ஒரு முழம் தள்ளி,
கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டு.
தேவகோட்டைக் கல்யாணத்துக்குப் போகவேண்டிய
ஆறு கிலோ மனகோலம் கரியாய்ப் போனது.
முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒன்று,
அது இன்னும் போகவில்லை.

காரைக்குடியில் டாக்டர் நஸீமா
காயத்தைத்தான் முதலில் பார்த்தார்.
தூக்கம் குறைவாகத் தரும் மாத்திரையும் இருக்கிறதாம்.
"ஆனா உங்களுக்கு அடைப்புதானே பெருசு,
தினமும் இதை அடிங்க" என்று
அடைக்கலம் காட்டிய அதே புட்டியைக் காட்டினார்.
தலையைக் குனிய வேண்டும், அண்ணாக்கக் கூடாது.
வலக்கையால் இடமூக்கு, இடக்கையால் வலமூக்கு.
நடுத்தண்டில் படாமல், காதைப் பார்த்து.
மூக்குப்பொடி போடுகிறவர்போல இழுக்காமல்
பூவை முகர்வதுபோல மெதுவாக.
பூவை முகர முடிந்தால் உங்களிடம் எதற்கு வருகிறேன்
என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

இடக்கை, வலமூக்கு.
புட்டியின் முனை ஒற்றைக்கல்லில் இடித்து
டிக் என்கிறது.

முதல் நாள் தொண்டையில் கசப்பு. வேறொன்றுமில்லை.
மூன்றாம் நாள் கைக்குட்டையில் ஒரு பொட்டு ரத்தம்.
பயந்துபோய், அடிக்கும் திசையை மாற்றினேன்.
ஐந்தாம் நாள் தும்மல் பதினான்கு.
"இந்தக் காசுக்குக் கோழி அடிச்சிருக்கலாம்" என்றாள் பஞ்சவர்ணம்.
மாத்திரை கைமாற்றுக் காசு மாதிரி,
கேட்ட அன்றைக்கே கிடைக்கும், அன்றைக்கே வட்டி கேட்கும்.
இது சீட்டு.
கட்டிக்கொண்டே இருந்தேன்
எந்த வாரம் விழும் என்று தெரியாமல்.

ஒன்பதாம் நாள் விழுந்தது.
ஏலக்காய் இல்லை, முதலில் வந்தது சாக்கடை.
இவ்வளவு அழகாக ஒரு சாக்கடை நாறி
நான் பார்த்ததில்லை.
பிறகு பினாயில். பிறகு பஞ்சவர்ணத்தின் தலையில்
நேற்றைய கனகாம்பரத்துக்கு நடுவே ஒரு துணுக்கு மரிக்கொழுந்து.
அதன்பின் வெல்லம்,
கம்பிப் பதத்துக்கு ஒரு மூச்சு முன்னால்.

அதற்கும் அடியில் இன்னொன்று.
பழைய, கனத்த, தொண்டையைப் பிடிக்கும் ஒன்று.

"ஆச்சி, இந்த எண்ணெய் ஆறாம் காய்ச்சல்."

பஞ்சவர்ணம் கரண்டியை மேலே தூக்கிக்கொண்டாள்.
சொட்டுகிற சத்தம் மட்டும்.
நான் தும்மிக்கொண்டிருந்த மாதங்களில்
எத்தனை டப்பா போனதோ, எந்தெந்த ஊருக்கோ.

உமையாள் ஆச்சி வாணலியைப் பார்த்தார்,
என் மூக்கைப் பார்த்தார்.

"உனக்கு அந்த மாத்திரையே
நல்லா ஒத்துக்கிச்சேம்மா" என்றார்.